கவரில் தமிழும் கட்டாயம் ஆகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பரணில் 2,600 காலிக் கவர்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஒரு கவர் ஒன்பது ரூபாய். சத்துமாவு போட்டு விற்க 3,000 அடித்தோம், 400 கடைக்குப் போனது, மீதியில் மாவு போடவே கூடாது என்று ஆகிவிட்டது. அந்தப் பணம் போனதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை, அதைத் தனியாக வருத்தப்பட்டு முடித்தாகிவிட்டது. அந்த 400 கவரில் ஒன்று திருப்பூரில் ஒரு வீட்டுக்குப் போனது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். மாமியார் கைப்பக்குவத்தில் கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, கடலைக்காய் (எங்கள் பேச்சில் கல்லக்கா, வெளியூரில் வேர்க்கடலை என்பார்கள்), ஏலக்காய், கொஞ்சம் பாதாம், முந்திரி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, அரைத்துச் சலித்துக் கொடுப்பேன். முதலில் சொந்தபந்தத்துக்கு, அப்புறம் பையனோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு, அப்புறம் கோபி, பெருந்துறை, ஊத்துக்குளி, திருப்பூர் என்று கடைகளுக்கு.

ஒருநாள் சாயங்காலம் கவரில் இருந்த நம்பரைப் பார்த்து திருப்பூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, உங்க மாவுல கல்லக்கா போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டார். ருசியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க, அதுதானுங்க வாசனையே" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம்தான் சொன்னார். நாலு வயசுப் பையன், கடலைக்காய் சுத்தமாகச் சேராது. கஞ்சி குடித்த பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறார்கள். ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்து பார்த்து, காலையில் அனுப்பினார்களாம். பையன் நல்லாகிவிட்டான். அந்த அம்மா சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "கவரைத் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பார்த்துட்டுத்தானுங்கக்கா வாங்கினேன், கல்லக்கான்னு எங்கயுமே போடலீங்களே" என்று மட்டும் சொன்னார்.

போடவில்லைதான். நான் போட்டிருந்தது "15 வகைத் தானியங்கள், பயறுகள், பருப்புகள் சேர்ந்தது" என்று ஒரே வரி. நல்ல தமிழில், பெரிய எழுத்தில். அந்த அம்மா படிக்கத் தெரிந்தவர், படித்தும் பார்த்தார், நான் எழுதாததை அவர் எப்படிப் படிப்பார்? தப்பு முழுக்க என்னுடையது. அதை எங்கேயும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்க மாட்டேன்.

அடுத்த நாளே கடைகளில் மிச்சமிருந்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு கவரைக் கையில் பிடித்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானாகவே போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். அவர் பேனாவால் ஒவ்வொன்றாக வட்டம் போடப் போட, எனக்கு அந்தக் கவரை வைத்துக்கொண்டு வெளியே போகவே கூச்சமாக இருந்தது.

எதெதைச் சேர்த்திருக்கிறோமோ அது அத்தனையும் பெயர் சொல்லி எழுதவேண்டும், எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும். என் மாவில் அதிகம் இருப்பது கேழ்வரகு. ஆனால் நான் முன்பக்கம் முழுக்க பாதாமும் முந்திரியும் கொட்டிக் கிடக்கிற மாதிரிப் படம் போட்டிருந்தேன், உள்ளே இருப்பது நூற்றுக்கு மூன்று பங்குகூடத் தேறாது. ஒரு பொருளைப் படத்திலோ எழுத்திலோ எடுத்துக்காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று சொல்லியாகவேண்டும் என்பது விதி. சரியான விதி. 3 சதவீதம் என்று அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எழுதவேண்டும் என்றிருந்தால் நானே அந்தப் படத்தைப் போட்டிருக்க மாட்டேன்.

கடலைக்காய், பாதாம், முந்திரி மாதிரிக் கொட்டை வகைகள், கோதுமை, பால், முட்டை, மீன், சோயா இதெல்லாம் ஒவ்வாமை தரக்கூடியவை என்று பட்டியலே இருக்கிறது. அவை இருந்தால் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். இந்த ஒரு வரிதான் திருப்பூர்ப் பையனுக்குக் கிடைக்காமல் போனது.

அப்புறம் அந்தக் குழந்தைப் படம். கொழுகொழு என்று ஒரு குழந்தை சிரிக்கிற படம் போட்டு, "6 மாதக் குழந்தை முதல் பெரியவர் வரை" என்று எழுதியிருந்தேன். சத்துமாவு விற்கிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், நானும் பார்த்துத்தான் செய்தேன். தாய்ப்பாலுக்குத் துணையாக இரண்டு வயதுக்குள்ளான குழந்தைக்கு என்று எதை விற்றாலும் அது குழந்தை உணவு ஆகிவிடும், அதற்குத் தனிச் சட்டமே உண்டு, 1992ல் வந்தது, அந்த டப்பாவில் குழந்தை படமோ பெண் படமோ போடவே கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது. தாய்ப்பாலை விட்டுவிட்டு டப்பா மாவுக்கு அம்மாக்கள் போய்விடக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான், அந்தச் சட்டம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அச்சடிப்பதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

"சர்க்கரை நோய், மூட்டுவலி தீரும்" என்று பின்னால் எழுதியிருந்தேன். நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளில் எழுதவே கூடாது. லேபிள் தப்பாக இருந்தால் 3 லட்சம் வரை, பொய்யான விளம்பரம் என்றால் 10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அந்த அலுவலர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் ஒரு வருஷ விற்பனையே அவ்வளவு கிடையாது.

இன்னொரு பக்கம் எடையளவு. அதைத் தொழிலாளர் துறைக்காரர்கள் பார்க்கிறார்கள், அது வேறு அலுவலகம், வேறு பதிவு, 500 ரூபாய் கட்டணம், பொட்டலம் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் எடுக்கவேண்டும். "சுமார் 500 கிராம்" என்று போட்டிருந்தேன், சுமார் என்ற சொல்லே வரக்கூடாது. அரைக்கிலோ பொட்டலம் என்றால் அந்த எண் 4 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கவேண்டும். 220 ரூபாய் விலை போட்டால் ஒரு கிராம் 44 காசு என்பதையும் போடவேண்டும், 2022லிருந்து இது வந்திருக்கிறது. இதுவும் நல்லதுதான், 450 கிராமை அரைக்கிலோ மாதிரிக் காட்டி விற்கிறவர்களோடு எங்கள் பொட்டலத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம்.

இவ்வளவும் தெரியாமல் எப்படித் தொழில் ஆரம்பித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துகொள்ள முயற்சி செய்தேன் ஐயா. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழ் எடுக்க ஒரு ஏஜென்டிடம் போனேன். வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் எடுத்தபோது பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு வெறும் 100 ரூபாய்தான், என்னிடம் 3,500 வாங்கினார். அது பெரிதில்லை. படிவம் முழுக்க ஆங்கிலம், அவர் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினேன், கடைசியில் தயாரிப்பாளர் என்று போடவேண்டிய இடத்தில் சில்லறை வியாபாரி என்று போட்டுக் கொடுத்துவிட்டார். அது தப்பு என்றே அந்த அலுவலகத்தில்தான் தெரிந்தது. அதுவரை 14 இலக்க எண் கவரில் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பர் ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. சென்னிமலையில் மசாலாப் பொடி போடும் அக்காவும், காங்கேயத்துப் பக்கம் செக்கெண்ணெய் ஆட்டும் தம்பியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவு எண் நாம் தொழில் செய்கிறோம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். கவரில் என்ன எழுதவேண்டும் என்பது 2020ஆம் வருஷத்து லேபிள் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது, எடையும் விலையும் 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளில் இருக்கிறது. இரண்டும் மத்திய அரசின் கெஜட்டில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருபவை. என் பெரிய மகளை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன், கல்லூரியில் படிக்கிற பெண், அவளே இரண்டு வரிக்கு ஒருதரம் நின்று நின்று யோசித்தாள்.

சரி, எப்படியோ புதுக் கவர் அடித்தோம். இந்தமுறை எல்லாம் விதிப்படி. பொருள்களின் பெயர் வரிசை, சத்து விவரம், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தவேண்டும், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக. கடலைக்காய் இருக்கிறது என்பதைத் தடித்த எழுத்தில் தனியாகப் போட்டோம். அலுவலரிடம் காட்டினேன், சரியாக இருக்கிறது என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் கவரைப் படம் எடுத்து திருப்பூர் அம்மாவுக்கு அனுப்பினேன். உங்கள் பையனுக்கு நடந்த மாதிரி இனி யாருக்கும் நடக்காதுங்க என்று சொல்வதற்காக அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து கூப்பிட்டார். "சந்தோஷமுங்கக்கா. அதுல கல்லக்கான்னு எங்கீங்க போட்டிருக்குது?" என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் படிக்கத் தெரிந்த தமிழில் நான் அடித்த கவர் சட்டப்படி தப்பு, அதில் பையனைக் காப்பாற்றும் சொல்லும் இல்லை. இப்போது அந்தச் சொல் இருக்கிறது, கவர் சட்டப்படி சரி, ஆனால் அவரால் படிக்க முடியவில்லை. அந்த அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பனியனைப் புரட்டிப் புரட்டித் தையல் குறை கண்டுபிடிப்பவர், அவர் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது. மொழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

விதி என்ன சொல்கிறது என்று மகளை மறுபடி படிக்கச் சொன்னேன். உணவு லேபிள் விதியும் சரி, பொட்டலப் பொருள் விதியும் சரி, விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்கவேண்டும் என்கின்றன. வேறு மொழியை அதோடு கூடச் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. சேர்க்கத் தடையில்லை என்பதுதான் தமிழுக்குக் கிடைத்திருக்கும் இடம். தமிழ் இல்லாவிட்டால் கேள்வி கிடையாது, தமிழ் மட்டும் இருந்தால் குற்றம்.

திருப்பூரில் ஒரே கடையில் ஒடிசா, பீகார்ப் பக்கத்துத் தொழிலாளர்களும் சாமான் வாங்குகிறார்கள், எங்கள் ஊத்துக்குளி ஆத்தாக்களும் வாங்குகிறார்கள். சில பொட்டலங்களில் இந்தி இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் படித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குக் கிடைக்கவேண்டியது, ஊரைவிட்டு வந்து உழைக்கிற பிள்ளைகள், நன்றாக இருக்கட்டும். அதே உரிமை சொந்த ஊரில் நிற்கிற ஆத்தாவுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கடைக்கு வெளியே பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில் இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. கடையின் பெயர் தெரியாவிட்டால் யாருக்கும் உதடு வீங்காது. உள்ளே இருக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் வீங்கும்.

அதனால் நான் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் ஒவ்வாமை எச்சரிக்கை, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்பது, சேர்த்திருக்கும் பொருள்களின் பெயர், இந்த மூன்று மட்டுமாவது தமிழிலும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டு வாங்கவேண்டும். மற்ற மாநிலங்களுக்கும் அவரவர் மொழியில் இது நல்லதுதான்.

இடம் பத்தாது என்று சொல்கிறார்கள். என் அரைக்கிலோ கவரில் நான் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் முழுப் பொருள்பட்டியலும், "கடலைக்காய் (வேர்க்கடலை), பாதாம், முந்திரி, கோதுமை சேர்ந்தது" என்பதைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்திலும் போட்டேன். பாதாம் படத்தை எடுத்தேன், குழந்தை படத்தை எடுத்தேன், நோய் தீரும் என்ற பொய்யை எடுத்தேன், இடம் தாராளமாக வந்துவிட்டது. சின்னப் பாக்கெட்டுகளுக்கு நிஜமாகவே இடம் குறைவு, அதற்கு அந்த எச்சரிக்கை ஒரு வரியும் தேதியும் மட்டுமாவது போதும். பத்து ரூபாய் பாக்கெட்டில் நடிகர் முகத்துக்கு இடம் இருக்கும்போது இந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போகாது.

எங்களைப் போலப் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும் இதே மொழிப் பிரச்சினைதான், அதனால் இதையும் சேர்த்தே கேட்கிறேன். சத்துமாவு, மசாலாப் பொடி, செக்கெண்ணெய், ஊறுகாய், வடகம், நெய் என்று எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டில் ஆரம்பிக்கும் தொழில் பத்துப் பதினைந்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிக் கவர், இன்ன இடத்தில் இன்னது வரவேண்டும் என்று தமிழில் விளக்கம் போட்டு, உணவுப் பாதுகாப்புத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து ஒரே தாளாக வெளியிட்டால் போதும். பதிவுச் சான்றிதழ் கொடுக்கும்போதே அந்தத் தாளையும் கையில் கொடுத்துவிடலாம். அச்சுக்குப் போகும் முன் கவரின் மாதிரியை அனுப்பினால் ஒருவர் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லும் வசதி மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கினாலும் கட்டுவோம், ஏஜென்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சிறுதானியப் பலகாரம், மாவு வகைகளுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்கள், அங்கே அரை நாளை லேபிளுக்கென்றே ஒதுக்கலாம். 2020ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மெஷின் வாங்க 35 சதவீத மானியம், 10 லட்சம் வரை என்று அறிவித்தது எங்கள் ஊரில் டீக்கடைவரை தெரிந்திருக்கிறது. கடலைக்காய் போட்டால் கவரில் எழுதவேண்டும் என்பதும் அதே அளவுக்குத் தெரியவேண்டும்.

இந்த விதிகளே தேவையில்லை, நம் பாட்டி லேபிள் ஒட்டியா விற்றாள் என்று என்னோடு தொழில் செய்கிறவர்களே சிலர் கேட்கிறார்கள். அவர்களிடம் எனக்குச் சம்மதம் இல்லை. பாட்டி அரைத்த மாவு அடுத்த தெருவைத் தாண்டிப் போகவில்லை, எந்தப் பிள்ளைக்கு எது சேராது என்று அவளுக்குத் தெரியும். என் மாவு முகம் தெரியாத வீடுகளுக்குப் போகிறது. 1998ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து விற்று அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகுதான் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக்கூடாது, பொட்டலம் போட்டு யார் தயாரித்தது என்று எழுதித்தான் விற்கவேண்டும் என்று வந்தது. செக்கெண்ணெய்த் தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னேன், அவர் அதற்கப்புறம் கேனில் ஊற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். காரணம் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்டுக்கொள்வார்கள். காரணம் எங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும்.

பரணில் இருக்கும் கவர்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நான் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். மகளிர் குழுக்களுக்கோ புதுத் தொழில்காரர்களுக்கோ பயிற்சி நடத்துகிற யார் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். அந்த அலுவலர் வட்டம் போட்ட இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் நானே வட்டம் போட்டு, ஏன் தப்பு என்று பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 140 கவர் முடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சத்துமாவுத் தொழில் செய்யும் வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.